முன்வலி

“ஒரே வார்த்தை சார். ‘ஆமா, முன்வலியை அணைச்சு வெச்சிருந்தேன்’னு உங்க பொண்ணு சொல்லிட்டா இன்னிக்கே எல்லாம் முடிஞ்சிடும். அமிலம் கையாள்ற உரிமத்தை ஒரு வருஷம் நிறுத்தி வைப்பாங்க, அவ்வளவுதான். அப்புறம் நாங்களே வேற பிரிவுல சேர்த்துக்கறோம்.”

ஆய்வுக்கூடத்தின் பாதுகாப்பு மேலாளர் கிருபாகரன் இதைச் சொல்லும்போது குரலில் தேன் வடிந்தது. அவர் காட்டிய சோபாவில் ஆவுடைநாயகம் உட்காரவில்லை. தீயணைப்பு நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு, இடுப்புப்பட்டியை இறுக்கிக் கொள்ளாமல் வாசற்படி தாண்ட மாட்டார். அவருடைய அப்பாவும் அதே துறை, சித்தப்பாவும் அதே துறை. காக்கி காயாத கொடியை அந்த வீடு கண்டதில்லை.

“அவ அணைச்சு வைக்கலையே?”

“அதை நிரூபிக்க முடியாதே சார்.”

“நிரூபிக்க முடியலன்னா பொய் சொல்லணுமா? எங்க வீட்டுல பிள்ளைகள அப்பிடி வளக்கலய்யா. நீங்க வளந்த வீடு எப்பிடியோ, எனக்குத் தெரியாது.”

கிருபாகரனின் முகத்தில் தேன் வற்றியது. விசாரணை அறையின் கதவைத் திறந்துவிட்டு, “அப்ப உள்ள வாங்க” என்றார்.

உள்ளே செண்பகவல்லி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். வலது கையில் வெள்ளைக் கட்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருக்க வேண்டிய இடத்தில் கட்டு தட்டையாக இருந்தது. அப்பாவைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவர் தலையை அசைத்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி மெஹருன்னிஸா. அருகில் ஒரு டாக்டர். அவர்களுக்கு எதிரே சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் ஆய்வுக்கூடம். முப்பது பேர் முகக்கவசமும் நீளக் கையுறையும் அணிந்து, தலைகுனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. கோயில் கருவறைபோல அமைதி.

“நான் சட்டம் படிச்சவ. எனக்குப் புரியுற மாதிரி யாராவது சொல்லுங்க. இந்த அமிலத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஏற்பாடு?” என்றார் நீதிபதி.

கிருபாகரன் தொடங்கினார். இரண்டாவது வாக்கியத்திலேயே நீதிபதி கையை உயர்த்தினார். “நீங்க இருங்க. அந்தப் பொண்ணு சொல்லட்டும். தினமும் கையாண்டவ அவதானே.”

வல்லி தொண்டையைச் செருமிக்கொண்டாள். “இது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் மேடம். கண்ணாடியையே தின்னும். அதனால பிளாஸ்டிக் குப்பியிலதான் வைப்போம். கண்ணாடித் தகட்டுல தலைமுடிய விட மெல்லிசா கோடு போட இத விட்டா வேற இல்ல. மத்த அமிலம் கையில பட்டா சுடும், நாம கைய இழுத்துருவோம். தண்ணி கலந்து நீர்த்துப்போன இந்த அமிலம் பட்டா ஒண்ணுமே தெரியாது. பச்சத் தண்ணி பட்ட மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போயி, சாப்பிட்டுட்டு, டிவி பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான் வலி ஆரம்பிக்கும். அதுக்குள்ள தோலத் தாண்டி, சதையத் தாண்டி, எலும்புக்குப் போயிருக்கும்.”

“போய் என்ன செய்யும்?”

“கால்சியத்தப் புடிச்சுக்கிடும். எலும்புல உள்ளது, ரத்தத்துல உள்ளது, எல்லாத்தையும். ரத்தத்துல அது கொறஞ்சா இருதயம் தாளம் தப்பும். கெட்டியான அமிலம்னா உள்ளங்கை அளவு பட்டாலே உயிருக்கு ஆபத்து.”

டாக்டர் ஆமோதித்துத் தலையசைத்தார்.

“பட்டா என்ன செய்யணும்?”

“உடனே குழாயடியில நிறையத் தண்ணி விட்டுக் கழுவணும். பொறவு கால்சியக் களிம்பு. கையுறை போட்ட இன்னொரு ஆளு தேய்ச்சுவிட்டா நல்லது. அப்பிடியே ஆஸ்பத்திரிக்குப் போயிறணும். வலிக்கலையேன்னு சும்மா இருக்கவே கூடாது. தனியா நின்னு இந்தக் குப்பியத் தொறக்கக் கூடாது. அதுதான் மொத விதி.”

“அந்த வலி தெரியாத குறையைத்தான் நாங்க தீர்த்து வெச்சோம்” என்று கிருபாகரன் இடையில் புகுந்தார். இப்போது அவர் குரலில் உண்மையான பெருமை இருந்தது. “முன்வலி. விரல்லயும் முன்கையிலயும் தோலுக்கு அடியில ஒரு மெல்லிய படலம். இந்த அமிலத்தோட ஒரு துளி பட்டாக்கூட அது நரம்பைத் தூண்டும். அடுத்த நாள் வரவேண்டிய வலி அந்த நொடியே வரும். பத்து நிலை இருக்கு. நாங்க ஒன்பதுல வெச்சிருக்கோம். ஒன்பதுல கத்தாம நிக்கற மனுஷன் இன்னும் பொறக்கலை மேடம். முன்வலி வந்ததுக்கு அப்புறம் எங்ககிட்ட ஒரு சாவுகூட இல்லை. ஆனா சிலர் தொந்தரவுன்னு அதைத் திருட்டுத்தனமா அணைச்சு வெச்சுடறாங்க. இவங்களுக்கு அமிலம் பட்ட இடத்துப் படலம் விரலோட போயிடுச்சு, அதுல இருந்த பதிவும் போச்சு. ஆனா இதைப் பாருங்க.”

திரையில் காட்சி ஓடியது. ஒலி இல்லாத காட்சி. முகக்கவசத்துக்குள் வல்லி. அவள் வலக்கை ஒருமுறை விறைக்கிறது. பிறகு அதே கையால் மேசைமேலிருந்த குப்பியை மூடுகிறாள், திருகுகிறாள், அதன் பெட்டிக்குள் வைக்கிறாள். பக்கத்தில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த முப்புடாதி, அந்தோணி என்ற இரண்டு பயிற்சியாளர்களையும் இடக்கையால் பின்னே தள்ளுகிறாள். அதன் பிறகே குழாயடிக்கு நடக்கிறாள். ஓடவில்லை. நிமிர்ந்து, காலை அழுத்தி வைத்து நடக்கிறாள்.

“ஒன்பதாவது நிலையில இருக்கற ஒருத்தர் இப்படி நடப்பாங்களா? பக்கத்துல நின்ன ரெண்டு பேரும் எந்தச் சத்தமும் கேக்கலைன்னு சொல்லிட்டாங்க. முன்வலி அணைஞ்சிருந்தது. விஷயம் அவ்வளவுதான். தன் உயிரோட விளையாடினது மட்டுமில்லை, அடுத்தவங்க உயிரோடயும். உரிமம் நிரந்தரமா ரத்தாகணும்.”

வல்லி கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் உறைந்து நின்ற மகளின் முதுகை ஆவுடைநாயகம் பார்த்தார். அவர் நெஞ்சு நிமிர்ந்தது. அது அவருடைய அப்பாவின் முதுகு. தீக்குள் வாயைத் திறக்கக் கூடாது என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். திறந்தால் புகை உள்ளே போகும். தீயணைப்பவன் கத்தினால் மாடியில் நிற்கிறவன் மிரண்டு கீழே குதிப்பான். முதலில் அடுத்தவன் வெளியே போகட்டும், பிறகு நீ போ, அதுவரை வாய் மூடியே இருக்கட்டும். வேலைக்கான அந்த விதி எப்படியோ வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அந்த வீட்டில் பிரசவத்தில்கூடப் பெண்கள் துணியைக் கடித்துக்கொண்டார்கள். வல்லி சிறுபிள்ளையாக முழங்கை முறிந்து வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதை அவர் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அவர் எழுந்தார். “அம்மா, நான் பேசலாமா?”

“சொல்லுங்க.”

“ஒன்பதுல கத்தாத ஆள் இன்னும் பொறக்கலன்னு இந்தத் தம்பி சொல்லுதாரு. பொறந்தாச்சு. அறுபத்தெட்டு வருஷம் ஆச்சு. புதுசா சேர்ற பிள்ளைகளுக்குப் பழக்குறதுக்கு ஒரு கைப்பட்டை வெச்சிருக்கீங்கல்லா? அதே வலியக் குடுக்குமாமே? அத எனக்குப் போடுங்க.”

“எப்பா!” என்றாள் வல்லி.

“ஏட்டி, நீ சும்மா இரு.”

நீதிபதி தயங்கினார். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார், இருதயத்தைக் கேட்டார், உதட்டைப் பிதுக்கிவிட்டுச் சம்மதித்தார். கிருபாகரன் பட்டையை எடுத்துவர எழுந்த வேகத்திலேயே, கிழவர் அலறுவதைப் பார்க்கும் ஆசை தெரிந்தது. பட்டையோடு ஆவுடைநாயகத்தின் இடது கையை நோக்கி வந்தார்.

“இடது கை வேண்டாம். அதுல பழைய தீக்காயம் இருக்கு, உணர்ச்சி கொஞ்சம் மட்டு. நாளைக்கு அதச் சொல்லி எங்க பேரக் கெடுப்பீங்க. வலது கையில கட்டுங்க.”

பட்டை இறுகியது. திருகு ஒன்பதுக்குப் போனது.

அவர் என்னென்னவோ எதிர்பார்த்திருந்தார். இது வேறு. விரல் நுனியிலிருந்து தோள் வரை யாரோ நரம்பை உருவிக் கம்பியில் சுற்றுவதுபோல இருந்தது. தீயில் கருகிய வலி அவருக்குத் தெரியும். அதற்கு ஒரு தொடக்கமும் தணிவும் உண்டு. இதற்குத் தணிவே இல்லை. அறை ஒருமுறை இருண்டு திரும்பியது. அவர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துக்கொண்டார். மூக்கால் மெல்ல மூச்சு விட்டார்.

“உங்க கழுத்துக் கயிறக் குடுங்க தம்பி.”

“என்னது?”

“அடையாள அட்டை தொங்குதுல்லா, அந்தக் கயிறு. குடுங்க.”

கிருபாகரன் கழற்றிக் கொடுத்தார். ஆவுடைநாயகம் அதில் முடிச்சுப் போடத் தொடங்கினார். மாடியிலிருந்து ஆளை இறக்கும் முடிச்சு. எத்தனையோ பேரின் உயிர் தொங்கிய முடிச்சு. விரல்கள் அவருடையவை அல்ல என்பதுபோல நடுங்கின. ஆனாலும் சுற்றின, நுழைத்தன, இழுத்து இறுக்கின. சட்டைக் காலர் வியர்வையில் ஊறி ஒட்டியது. முடிச்சிட்ட கயிற்றை அவர் மேசையில் வைத்து நீதிபதியின் பக்கம் நகர்த்தினார்.

“இழுத்துப் பாருங்கம்மா. நழுவாது.”

“போதும்! எடுத்துடுங்க” என்றார் நீதிபதி.

பட்டை கழன்றது. டாக்டர் மீண்டும் நாடியைப் பிடித்தார். தண்ணீர்க் குவளையை நீட்டினார். ஆவுடைநாயகம் அதை இடது கையால் வாங்கி, சிந்தாமல் குடித்தார்.

“முன்வலி அணைஞ்சிருந்ததுன்னு இனிமே யாரும் உறுதியாச் சொல்ல முடியாது” என்றார் நீதிபதி. “வலியைத் தாங்கிக்கிட்டு நடக்க முடியும். கண்ணால பார்த்தாச்சு.”

கிருபாகரன் கயிற்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். “சரி மேடம், வலிச்சிருக்குன்னே வெச்சுக்குவோம். அப்ப ஏன் கூப்பிடலை? ஒரு குரல் குடுத்திருந்தா பக்கத்துல ரெண்டு பேர் இருந்தாங்க. களிம்பு போட்டிருப்பாங்க. விரல் மிஞ்சியிருக்கும். குடும்பப் பெருமைக்காக வாயை மூடிக்கிட்டு நின்னா அதுவும் அலட்சியம்தான். உரிமம் அப்பவும் ரத்துதான்.”

“பெருமைதான்யா! எங்க வீட்டுப் பிள்ளை கத்தாது. அதக் குத்தம்னு எழுதுனா எழுதிக்கிடுங்க. பொய்காரின்னு எழுதாதீங்க” என்றார் ஆவுடைநாயகம்.

தேநீருக்காக விசாரணை சற்று நிறுத்தப்பட்டது.

வராந்தாவில் ஜன்னலோரம் அவர் நின்றார். வலது கை இன்னும் உள்ளுக்குள் துடித்துக்கொண்டிருந்தது. வல்லி ஒரு காகிதக் கோப்பையில் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

“வலிக்குதாப்பா?”

“வலிக்கத்தான் செய்யுது. நீ எம்புட்டு நேரம் தாங்குனியோ, நான் கொஞ்ச நேரந்தான். உங்க தாத்தா இருந்திருந்தா உன்னயத் தோள்ல தூக்கி வெச்சு ஊரச் சுத்தியிருப்பாரு.”

வல்லி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “எப்பா, நான் கத்துனேன்.”

அவருக்குக் காதில் சரியாக விழவில்லை என்று தோன்றியது. “என்ன?”

“கத்துனேன்பா. தொண்ட கிழிய. அம்மான்னு கத்துனேன், உங்களக் கூப்பிட்டுக் கத்துனேன். முகக்கவசம் போட்டிருந்ததால படத்துல தெரியல. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.”

“அந்த ரெண்டு பேரும் கேக்கலன்னு சொல்லியிருக்காங்களே?”

“கேட்டுச்சு. ஆனா அங்க நாள் முழுக்க யாராவது கத்திக்கிட்டேதான் இருப்பாங்க. அந்தப் படலத்துக்கு ஒரு சொட்டும் ஒரு குடமும் ஒண்ணுதான். கையுறை மாத்தும்போது ஓரத்துல ஒட்டுன ஆவிக்கே ஒன்பது குடுக்கும். வியர்வை பட்டாலும் சில நேரம் குடுக்கும். சேந்த புதுசுல ஒருத்தர் கத்துனா எல்லாரும் ஓடுவோம். போகப்போக எதுக்குன்னு ஓடுவோம்? நானும் ஓடுனதில்லப்பா. என் பின்னால எத்தன பேரு கத்தியிருக்காங்க, நான் தலையத் தூக்காம கோடு போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். வலி வந்தா அந்த அறைக்கே மணி அடிக்கிற மாதிரி வைங்கன்னு கேட்டோம். மணி அடிச்சா வேலை நிக்குமாம், மாட்டேன்னுட்டாங்க.”

“இத ஏன் உள்ள சொல்லல?”

“சொன்னா முப்புடாதியும் அந்தோணியும் கேட்டும் வரலன்னு ஆயிரும். எல்லாத்தையும் அவங்க ரெண்டு பேரு தலையில கட்டிக் கைய கழுவிருவான் அந்த ஆளு. சின்னப் பிள்ளைங்கப்பா. பயந்து போயிக் கேக்கலன்னு சொல்லிருச்சுங்க.” ஜன்னல் பக்கம் திரும்பினாள். “பொறவு நீங்களும் ஊரெல்லாம் சொல்லிட்டீங்க, எங்க வீட்டுப் பிள்ளை கத்தாதுன்னு.”

ஆவுடைநாயகம் தேநீரைத் தொடவில்லை. அவருக்குள் என்னவோ ஒன்று சரிந்தது. சரிந்த இடத்திலிருந்து வேறொன்று எழுந்தது.

“கத்திட்டு, பொறவு ஏன் குழாய்க்கு ஓடல?”

“குப்பி தொறந்து கெடந்துச்சு. அதுக ரெண்டும் பக்கத்துல குனிஞ்சு நின்னுச்சுங்க. தட்டிவிட்டிருந்தா மூஞ்சியிலதான் ஊத்தியிருக்கும்.”

“வலிக்க வலிக்க மூடுன.”

“ஆமா.”

“கத்திக்கிட்டே மூடுன.”

“ஆமாப்பா.”

அவர் மகளின் தலையில் கையை வைத்தார். வலித்த கையைத்தான் வைத்தார். “சரி. வா.”

“எப்பா, அதுகள மாட்டிவிட்டுராதீங்க.”

“ரெண்டு பேரக் காட்டிக்குடுத்தாத்தான் மாட்டும். முப்பது பேரையும் ஒண்ணாக் காட்டுவோம். முப்பது பேரு மேல குத்தம் சொல்ல வழியிருக்கா? அப்ப குத்தம் சொல்ல வேற ஆளத் தேடணும்லா.”

உள்ளே போனதும் அவர் உட்காரவில்லை. “அம்மா, நான் சொன்னதுல ஒரு பெசகு இருக்கு. எங்க வீட்டுப் பிள்ளை கத்தாதுன்னேன். கத்தியிருக்கா. கேக்க வேண்டியவங்களுக்குத்தான் காது செத்துப்போயிருக்கு. இந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்தா ஒண்ணும் தெரியாது. எல்லாரும் உள்ள வாங்க. அந்தப் பட்டையையும் எடுத்துக்கிடுங்க.”

“மேடம், இதெல்லாம் நாடகம். உள்ளே வேலை நடந்துக்கிட்டிருக்கு” என்றார் கிருபாகரன்.

“வேலை நடக்கறப்பதான் பாக்கணும்” என்று நீதிபதி எழுந்துவிட்டார்.

மேலங்கியும் முகக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு அவர்கள் ஆய்வுக்கூடத்தின் வாசலுக்கு வந்தார்கள். கனத்த கதவு திறந்தது. திறந்த மாத்திரத்தில், மூன்றாவது மேசையிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் வந்தது. நீதிபதி பதறி டாக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் கையை உதறினாள், குழாயில் நனைத்தாள், மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவன் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“இது எப்பவும் நடக்கறதுதான் மேடம்” என்றார் கிருபாகரன். சொல்லிய பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்பது அவருக்கு உறைத்தது.

ஆவுடைநாயகம் கதவைத் தாண்டி, எல்லோரும் பார்க்கும்படி, அறையின் நடுவழியில் போய் நின்றார். வலது கையை நீட்டினார். பட்டையைக் கட்டியது வல்லி. மிச்சமிருந்த விரல்களாலும் இடக்கையாலும் கட்டினாள். திருகில் கையை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

“திருப்புட்டி.”

அவள் திருப்பினாள்.

வலி வந்தது. நாக்கு வழக்கப்படி மேலண்ணத்துக்குப் போனது. அதை அவர் கீழே இறக்கினார். அப்பாவும் சித்தப்பாவும் காத்த வாயை, பிரசவ வலியில் பெண்கள் துணியால் அடைத்த வாயை, அவர் முழுசாகத் திறந்தார். அறுபத்தெட்டு வருஷமாக உள்ளே கிடந்த சத்தம் வெளியே வந்தது. அது மனிதக் குரல்போலவே இல்லை. நீதிபதி காதைப் பொத்திக்கொண்டார். டாக்டர் ஓரடி முன்னே வந்தார். கிருபாகரன் சுவரோடு ஒட்டினார்.

கூடத்தில் முப்பது தலைகள் குனிந்திருந்தன. ஒன்றும் நிமிரவில்லை. கடைசி மேசையில் ஒருவன் குப்பியைத் திறந்தான்.

வல்லி கண்ணீரோடு திருகைத் திருப்பி அணைத்தாள். “போதும்பா. பாத்துட்டாங்க. வாங்க போவோம்.”

ஆவுடைநாயகம் மூச்சு வாங்கினார். மேலங்கியை விலக்கி, சட்டையை இழுத்துச் சரிசெய்து கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டார். இடுப்புப்பட்டியை ஒருமுறை இறுக்கினார்.

“ஒருத்தரும் திரும்பலையேட்டி” என்றார். கையை மறுபடியும் நீட்டினார். “திரும்புற வரைக்கும் திருப்பு.”